மூணேகால்

ஹைட்ரஜனுக்கு மஞ்சள் கோடு கிடையாது. சிவப்பு ஒன்று, பச்சை கலந்த நீலம் ஒன்று, கண்ணை இடுக்கிப் பார்த்தால் ஊதா ஒன்றோ இரண்டோ. அதற்கு மேல் காட்ட அதனிடம் ஒன்றுமில்லை. இருபத்தாறு வருஷம் கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் பெட்டி சுமந்து, லென்ஸ் துடைத்து, கறுப்புத் திரை கட்டிக் காலம் தள்ளிய லேப்காரருக்கு இது தன் வீட்டுக் கதவு எண் மாதிரி மனப்பாடம். அதனால்தான் அவர் மகள் பிராக்டிகல் தேர்வில் தோற்றுப்போய் வந்து நின்று, "அப்பா, நடுவுல மஞ்சளா ஒரு கோடு இருந்துச்சுப்பா" என்று சொன்னபோது அவருக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

"மஞ்சளா? ஹைட்ரஜன்ல மஞ்சள் ஏதும்மா?"

"இருந்துச்சுப்பா. நாலு தடவை பார்த்தேன்."

"நாப்பது தடவை பாரு. இல்லாதது எங்கேர்ந்து வரும்?"

முன்னறையில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி காலை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். "பிள்ளை பொய் சொல்றவ இல்லைங்க."

"பொய்னு நான் சொன்னேனா? தப்புன்னு சொன்னேன்."

"நாளைக்குக் காலேஜுக்குத்தானே போறீங்க? ஒருக்கா எட்டிப் பார்த்துட்டு வந்து சொல்லுங்களேன். என்ன குறைஞ்சிடப் போகுது?"

"அதுல பார்க்க என்ன இருக்கு?" என்றார் லேப்காரர். அந்த வார்த்தையை நினைத்து நினைத்துப் பின்னால் அவர் புழுங்கியது கொஞ்சநஞ்சமில்லை.

விஷயம் இதுதான். ஹைட்ரஜன் வாயு அடைத்த கண்ணாடிக் குழாயில் மின்சாரம் பாய்ச்சினால் அது ஒளிரும். அந்த ஒளியை, ஒரு மில்லிமீட்டருக்கு அறுநூறு கீறல் போட்ட கண்ணாடித் தகடு வழியாகப் பார்த்தால், நிறம் நிறமாகப் பிரிந்து தனித்தனிக் கோடாக நிற்கும். கருவியில் உள்ள தொலைநோக்கியை ஒவ்வொரு கோட்டுக்கும் திருப்பி, எத்தனை டிகிரி, எத்தனை நிமிஷம் (டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) திரும்பியது என்று அளந்தால் அந்தக் கோட்டின் அலைநீளம் கணக்கில் வந்துவிடும். இன்னொரு பக்கம் சூத்திரமும் இருக்கிறது. ஹைட்ரஜனுக்குள் இருக்கும் ஒற்றை எலக்ட்ரானை மாடி வீட்டில் குடியிருக்கிறவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் மாடியிலிருந்து இரண்டாம் மாடிக்குக் குதித்தால் சிவப்பு. நாலாம் மாடியிலிருந்து என்றால் பச்சைநீலம். ஐந்தாம் மாடியிலிருந்து ஊதா. மாடி எண்ணைப் போட்டால் அலைநீளத்தைச் சூத்திரமே கக்கிவிடும். சிவப்புக்கு 656 நானோமீட்டர், பச்சைநீலத்துக்கு 486, ஊதாவுக்கு 434. கண்ணால் அளந்ததும் சூத்திரம் சொன்னதும் ஒத்துப்போனால் முழு மார்க்.

இங்கேதான் வினை. விடை முன்கூட்டியே தெரிந்த பரீட்சையில் எவன் மெனக்கெட்டு அளப்பான்? 656 வர வேண்டுமென்றால் கோணம் இருபத்துமூன்று டிகிரி பதினோரு நிமிஷம் இருந்தாக வேண்டும். அதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்து, பார்த்து எழுதின மாதிரி இருக்கட்டும் என்று இங்கே ஒரு நிமிஷம் கூட்டி அங்கே ஒரு நிமிஷம் குறைத்து, அட்டவணையை நிரப்பிவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். இதற்கு மாணவர்கள் வைத்த பேர் பின்கணக்கு. வருஷா வருஷம் நடக்கிற கூத்துதான்.

அந்தக் கணக்குகூட வராத பிள்ளைகளும் உண்டு. ஒரு வருஷம் இருட்டறைக்குள் ஒரு பெண் ஒன்றும் தெரியவில்லை என்று தேம்பித் தேம்பி அழுதது. மனசு கேட்காமல் லேப்காரர் மேஜையின் உள்விளிம்பில் பென்சிலால் மூன்று எண் எழுதினார்: 23-11, 16-57, 15-6. அன்று எழுதியதுதான். பிறகு மேஜைக்கு எத்தனையோ தடவை வார்னிஷ் அடித்தாயிற்று, அடித்த மறுநாளே அந்த மூன்று எண்ணும் திரும்ப வந்துவிடும். பாவம், பிள்ளைகள் பாஸ் பண்ணிட்டுப் போகட்டுமே என்பார். ஊரில் நல்ல பேர் எடுப்பது எத்தனை சுலபம் பாருங்கள்!

அவர் மகள் மட்டும் அதைத் தொடவில்லை. முதல் வருஷம் அந்த எழுத்தைப் பார்த்துவிட்டு வீட்டில் கேட்டாள்: "பார்க்காமலே எழுதறதுன்னா எதுக்குப்பா அத்தனை பெரிய மெஷினு?" லேப்காரருக்குப் பெருமையில் உள்ளங்கால் வரை குளிர்ந்துவிட்டது. அன்று மனைவியிடம் இதையே மூன்று தடவை சொன்னார்.

அப்படிப்பட்டவள்தான் தோற்றுவிட்டு வந்தாள். கடைசி வருஷத் தேர்வில் பதினோரு பேருக்குச் சீட்டுக் குலுக்கலில் இந்த ஹைட்ரஜன் சோதனை விழுந்தது. இருட்டறை ஒன்று, கருவி ஒன்று, இரண்டு நாளில் ஒருவர் பின் ஒருவராகப் பதினோரு பேர். மகள் தேர்வு எழுதுகிற நாளில் தகப்பன் உள்ளே இருக்கக் கூடாது என்று விதி, அதனால் லேப்காரர் காலையில் கருவியெல்லாம் மாட்டி வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார். மற்றப் பத்துப் பேரும் 656, 486, 434 என்று எழுதினார்கள். இவள் ஒருத்தி 668, 588, 502, 447 என்று எழுதினாள். போதாததற்கு, அந்த 588 மஞ்சள் கோட்டைச் சூத்திரத்துக்குள் தலைகீழாகப் போட்டு, அது எந்த மாடியிலிருந்து வருகிறது என்றும் பார்த்திருக்கிறாள். விடை மூன்று புள்ளி இரண்டு ஐந்து. அடியில் ஒரு குறிப்பு வேறு: "சூத்திரத்தில் இந்தக் கோட்டுக்கு இடமில்லை. கண்ணால் பார்த்ததால் எழுதுகிறேன்."

துறைத்தலைவர் அந்தத் தாளை வெளித் தேர்வாளருக்குப் பக்கத்தில் நின்று, கூடத்தில் எல்லார் காதிலும் விழும்படி வாசித்தார். இஸ்திரி கலையாத சட்டை, கலையாத தலை, கலையாத மனசு அவருக்கு.

"மூணேகாலாவது மாடியில யாரும்மா குடியிருக்கா? படிக்கட்டுல பாய் போட்டுப் படுத்திருக்கானா உன் எலக்ட்ரான்?"

கூடமே சிரித்தது. வெளித் தேர்வாளரும் சிரித்தார். "கண்ணால் கண்டதும் பொய்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க" என்று அவர் பங்குக்கு ஒன்று எடுத்து விட்டார். அந்தப் பழமொழியின் மிச்சப் பாதி, தீர விசாரிப்பதே மெய் என்பது, அவருக்கும் ஞாபகம் வரவில்லை, கூடத்தில் வேறு யாருக்கும் வரவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் அந்தப் பெண்ணுக்கு மூணேகால் என்று பேர் வைத்தாயிற்று. பேருந்தில் கூப்பிட்டார்கள், நூலகத்தில் கூப்பிட்டார்கள், கைபேசியில் செய்தியாக அனுப்பினார்கள். நாற்பதுக்கு ஆறு மார்க். பிராக்டிகலில் தோற்றால் பட்டம் இல்லை. பட்டம் இல்லையென்றால், வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில் மேல்படிப்புக்குக் கிடைத்திருந்த இடமும் இல்லை. அந்த இடத்துக்காக அவள் இரண்டு வருஷம் கண் முழித்துப் படித்தவள்.

துறைத்தலைவரே லேப்காரரைக் கூப்பிட்டு விளக்கமும் சொன்னார். பக்கத்து மேஜையில் சோடியம் விளக்கு எரிந்தது அல்லவா? அந்த மஞ்சள் வெளிச்சம் திரை விலகின சந்து வழியாக உள்ளே வந்திருக்கும், இவள் அதைப் போய் ஹைட்ரஜன் கோடு என்று எழுதிவிட்டாள். அவ்வளவுதான். லேப்காரருக்கு அது சரியாகத்தான் பட்டது. வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னார்.

"சோடியம்னா இருபது டிகிரி நாற்பத்திரண்டு நிமிஷத்துல வரணும்பா. எனக்கு முப்பத்தொன்பதுலதான் வந்துச்சு. அதோட சோடியம் ரெட்டைக் கோடு. நான் பார்த்தது ஒத்தை."

"மூணு நிமிஷ வித்தியாசத்துக்கா இந்தப் பாடு?"

"மூணு நிமிஷம்னா மூணு நிமிஷம்தானேப்பா" என்றாள்.

பதில் சொல்லத் தெரியாதவனுக்குக் கோபம்தான் வாய்க்கு வரும். அடுத்த நாளே அவளைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். நிறப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அட்டைகளை டாக்டர் ஒவ்வொன்றாகக் காட்டினார். அவள் ஒவ்வொன்றாகப் படித்தாள். "கண்ணுல ஒரு குறையும் இல்லை, பருந்துக் கண்ணு" என்று டாக்டர் சிரித்தார். நல்ல சேதிதானே? ஆனால் லேப்காரருக்கு அது பிடிக்கவில்லை. கண்ணில் கோளாறு என்றிருந்தால் அனுதாபமாவது மிஞ்சியிருக்கும்.

மறுதேர்வுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றால் ஒரு மன்னிப்புக் கடிதம் வேண்டும் என்றார் துறைத்தலைவர். தேர்வுத் தாளில் தேவையில்லாத குறிப்பு எழுதினாளாம். லேப்காரர் சாப்பாட்டு மேஜையில் மகளை உட்கார வைத்து வாசகம் சொல்ல, அவள் எழுதினாள். "நான் பார்த்தது தவறு" என்ற இடத்தில் பேனா நின்றது.

"எழுதும்மா."

"பார்த்தது தவறுன்னு எப்படிப்பா எழுதறது? எழுதினது தவறுன்னு வேணா எழுதறேன்."

"ஊரோட ஒத்துப் போகத் தெரியணும். எழுது."

எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு ரொம்ப நாள் மஞ்சள் கோட்டைப் பற்றி அந்த வீட்டில் அவள் வாய் திறக்கவில்லை.

மூன்று வாரம் கழித்துச் சரக்குச் சரிபார்ப்பு வந்தது. லேப்காரர் இருட்டறைக்குள் போய், விளக்குக் கூண்டிலிருந்து ஹைட்ரஜன் குழாயைக் கழற்றி அதன் அட்டைப் பெட்டியில் வைக்கப் போனார். குழாயின் கழுத்தில் ஒட்டிய காகிதச் சீட்டு கையோடு வந்துவிட்டது. அடியில் பழைய பசையின் தடம் வேறு நீளத்தில் இருந்தது. கையில் இருந்த சீட்டோ அதைவிட ஒரு விரல் குட்டை.

தேர்வுக்கு முந்தின வாரம் எல்லாக் குழாய்களையும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தது ஞாபகம் வந்தது. சீட்டெல்லாம் ஊறிக் கழன்றுவிட்டன. காயவைத்துத் திரும்ப ஒட்டினார். ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே மாதிரி மெல்லிசுக் கழுத்து. ஹைட்ரஜன், ஹீலியம் என்று இரண்டும் அருகருகே கிடந்தன. தேர்வன்று காலையில் விளக்கைப் போட்டபோது கூண்டின் சந்தில் தெரிந்த நிறம் கொஞ்சம் வெளிறித்தான் இருந்தது. குழாய்க்கு வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். இன்னும் ஏழு மேஜை பாக்கி இருந்தது, போய்விட்டார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனை சறுக்கினால் அடியில் யார் கிடக்கிறார்கள் என்று யாரும் சொல்வதில்லை.

சட்டைப் பையிலிருந்து ஃப்யூஸை எடுத்தார். இதையும் சொல்லிவிட வேண்டும். இந்தக் குழாய்களுக்கு ஆயுசு கம்மி, சும்மா எரியவிட்டால் செத்துப்போகும். அதனால் வேலை முடிந்ததும் மின்பெட்டியிலிருந்து விரல்கணு நீளக் கண்ணாடி ஃப்யூஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வது அவர் வழக்கம். ஃப்யூஸ் இல்லாமல் பெட்டியின் ஸ்விட்சை எத்தனை தடவை தட்டினாலும் விளக்கு எரியாது. துவைக்கிற சட்டையில் அது அடிக்கடி மாட்டும். "ஊர்ல ஆம்பளைங்க பையில என்னென்னவோ இருக்கும், எனக்கு வாய்ச்சவர் பையில ஃப்யூஸ்" என்று மனைவி கேலி செய்வாள்.

ஃப்யூஸைப் போட்டு, அந்தக் குழாயைத் திரும்பக் கூண்டில் மாட்டி, விளக்கை எரியவிட்டு, தொலைநோக்கியில் கண்ணை வைத்தார். நட்டநடுவில் நின்றது, மஞ்சளாக, தடிமனாக. கண்ணில்லாதவன் மட்டும்தான் அதைத் தவறவிட முடியும். சிவப்பைவிட, பச்சையைவிட, அதுதான் பளிச்சென்று எரிந்தது. அளந்தார். இருபது டிகிரி முப்பத்தொன்பது நிமிஷம், ஹீலியத்தின் மஞ்சள் கோடு. மகள் எழுதிய அதே முப்பத்தொன்பது. ஒரு நிமிஷம்கூடப் பிசகில்லை.

"அடப் பாவி" என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார்.

அப்படியானால் அந்தப் பத்துப் பேர்? ஹீலியம் எரிந்த விளக்கில் ஹைட்ரஜனை அளந்து எழுதிய பத்துப் பேரும் கண்ணையே வைக்கவில்லை. ஒவ்வொரு தாளிலும் ஒரு கோட்டையாவது தானே பார்த்துச் சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட்ட துறைத்தலைவரும் வைக்கவில்லை, வெளித் தேர்வாளரும் வைக்கவில்லை. மனைவி அத்தனை சொல்லியும் மறுநாள் ஒரு நிமிஷம் எட்டிப் பார்க்காத தகப்பனும் வைக்கவில்லை. பார்த்தவள் ஒருத்தி. அவளைத்தான் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அவர் நேரே துறைத்தலைவர் அறைக்குப் போனார். குழாயை மேஜைமேல் வைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். துறைத்தலைவர் குழாயைத் தொடவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லை சார். நேரா இங்கதான் வர்றேன்."

"நல்லது. இப்ப நான் சொல்றதை நிதானமாக் கேளுங்க. இது வெளியே போனா பத்துப் பிள்ளைங்க ரிசல்ட் ரத்து. ரெண்டு பேருக்கு வேலைக்கு ஆர்டர் வந்தாச்சு. என் கையெழுத்து பொய், வெளித் தேர்வாளர் கையெழுத்து பொய். குழாயை மாத்தி வச்சது நீங்க. முதல்ல உங்க வேலை போகும். உங்க பொண்ணுக்கு என்ன கிடைக்கும்? மறுதேர்வு. அதை நான் இப்பவே தர்றேனே. அடுத்த மாசக் கடைசியில. அவ அட்மிஷன் தேதிக்கு முன்னாடி."

"அவ எழுதினது சரி சார்" என்றார் லேப்காரர். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"சரிதான், யார் இல்லைன்னா? ஆனா வயசுப் பிள்ளை. தான் எழுதினது சரின்னு தெரிஞ்சா வாய் சும்மா இருக்குமா? அதனால அவகிட்டயும் சொல்லாதீங்க. தேர்வு முடியட்டும். அப்புறம் உங்க இஷ்டம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள், அகப்பை தன் கையில் இருக்கிறது என்பது லேப்காரருக்கு நன்றாகவே புரிந்தது. ஆனாலும் தலையை ஆட்டினார். பிள்ளைக்கு இடம் கிடைக்க வேண்டும், வேலை நிலைக்க வேண்டும், ஒரு மாசம்தானே? தேர்வு முடிந்த அன்றே சொல்லிவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்து வைத்தார். முதலில் மன்னிப்பு. பிறகு அந்த முப்பத்தொன்பது நிமிஷம்.

மறுதேர்வு கிடைத்த சேதியை வீட்டில் சொன்னபோது மகள் சந்தோஷப்படவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, நிஜமாவே நான் பார்த்தது தப்புதானா?"

வாசல் திறந்துதான் இருந்தது. ஒரு வார்த்தை போதும். 'இல்லைம்மா' என்று ஒரே ஒரு வார்த்தை! மனைவியும் தையலை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். லேப்காரர் தண்ணீர்ச் செம்பை எடுத்தார், குடித்தார், வைத்தார்.

"அசதியா இருந்திருக்கும்மா. விடு, அதையே நினைக்காதே."

"சரிப்பா" என்றாள். மடித்த துணியை அடுக்கிவிட்டு, "மேஜை விளிம்புல அந்த நம்பரெல்லாம் இன்னும் இருக்கா?" என்று கேட்டாள்.

"எதுக்கும்மா?"

"சும்மாதான்."

அந்தச் சும்மா அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு இருட்டறைக்குப் போனார். இருபது வருஷப் பென்சில் எழுத்தை மரம் வெளுக்கிற வரை தேய்த்து எடுத்தார். நிஜமான ஹைட்ரஜன் குழாயைக் கூண்டில் மாட்டி எரியவிட்டுப் பார்த்தார். ரோஜா நிறத்தில் அழகாக எரிந்தது. தொலைநோக்கியில் சிவப்புக் கோடு தீக்குச்சி நுனி மாதிரி நின்றது. ஒவ்வொரு லென்ஸையும் ஊதித் துடைத்தார். நாளைக்கு அவள் கண்ணை வைத்தால் போதும், சூத்திரமும் கண்ணும் ஒன்றாகப் பேசும். அந்த நிமிஷம் அவளுக்குத் தன் கண்மேல் நம்பிக்கை திரும்பிவிடும். வெளியே வந்ததும் மிச்சத்தை நான் சொல்லிவிடுவேன். விளக்கை அணைத்து, பூட்டி, வீட்டுக்குப் போனார்.

மறுநாள் எட்டு மணிக்கே கூடத்து வாசலில் துறைத்தலைவர் நின்றுகொண்டிருந்தார். "நீங்க உள்ளே வர வேண்டாம். வெளித் தேர்வாளர் வந்துட்டார். எல்லாம் ரெடிதானே?"

"ரெடி சார்" என்றார் லேப்காரர். இருபத்தாறு வருஷமாக அந்தக் கேள்விக்கு வேறு பதில் அவர் சொன்னதே இல்லை.

மறுதேர்வுக்கு மூன்று பேர், அவரவர் தோற்ற அதே சோதனை. ஒன்பதரை மணிக்கு மகள் வந்தாள். அப்பாவைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போனாள். லேப்காரர் நடைவழியில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். கூடத்துக் கதவு பாதி திறந்திருந்தது. இருட்டறையின் கறுப்புத் திரை மூடுவது அங்கிருந்து தெரிந்தது. அளவைப் படிக்க வைத்திருக்கும் சின்ன மேஜை விளக்கின் வெளிச்சம் மட்டும் திரைக்கு அடியில் ஒரு கோடாகக் கசிந்தது. அந்த விளக்கு சுவரில் தனியாகச் செருகியது.

பத்து மணி இருக்கும். வியர்த்தது. கைக்குட்டை எடுக்கப் பையில் கையை விட்டார். விரலில் கண்ணாடி தட்டுப்பட்டது.

ஃப்யூஸ்!

நேற்று மாலை, பழக்க தோஷத்தில் கழற்றிப் பையில் போட்டிருக்கிறார். இருட்டறையில் விளக்கு எரியாது. அரை மணி நேரமாக அந்தப் பிள்ளை செத்த விளக்கின் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. எழுந்து கதவு வரை ஓடினார். துறைத்தலைவர் உள்ளிருந்து கையைக் காட்டித் தடுத்தார்: போங்க, அப்புறம்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். அப்போதுதான் அவருக்கு அந்த நினைப்பு வந்தது. எதற்கு அவசரம்? இதோ, அவளே வருவாளே. நாலு தடவை பார்க்கிறவள், மூன்று நிமிஷ வித்தியாசத்தை விட்டுக்கொடுக்காதவள், விளக்கு எரியவில்லை என்றால் சும்மா இருப்பாளா? இப்போது திரையை விலக்கிக்கொண்டு வந்து, "சார், விளக்கு எரியலை" என்று சொல்வாள். நான் ஃப்யூஸை நீட்டுவேன். இந்த ஒரு தடவையாவது என் பிள்ளை சொல்வதுதான் சரி என்று எல்லாருக்கும் தெரியட்டும். அப்படி நினைத்ததும் மனசு கொஞ்சம் லேசாகிப்போனது. ஃப்யூஸை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

பத்தே கால். திரை அசையவில்லை. ஸ்விட்சைத் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்ப்பாளாக இருக்கும், ஒயரைச் சோதிப்பாளாக இருக்கும் என்று நினைத்தார். பத்தரை. வெளித் தேர்வாளர் தேநீர் குடித்துக்கொண்டு செய்தித்தாள் புரட்டினார். கூப்பிடு தாயி, கூப்பிடு என்று லேப்காரர் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தார். திரைக்கு அடியில் அந்த மேஜை விளக்கின் கோடு மட்டும் அசையாமல் கிடந்தது. பதினொன்று ஆனது. ஃப்யூஸ் கைச்சூட்டில் வெதுவெதுப்பாகிவிட்டது.

பதினொன்றேகாலுக்குத் திரை விலகியது. அவர் எழுந்து நின்றார். மகள் தாளை எடுத்துக்கொண்டு வந்து துறைத்தலைவர் மேஜையில் வைத்தாள். அவர் புரட்டினார், வெளித் தேர்வாளர் புரட்டினார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். யாரும் இருட்டறைப் பக்கம் போகவில்லை.

அவள் வெளியே வந்தாள். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது.

"முடிஞ்சதுப்பா. 656, 486, 434. ரொம்ப நீட்டா இருக்குன்னு வெளித் தேர்வாளர் சொன்னார். முப்பத்தொன்பது மார்க் வரும்."

லேப்காரர் ஃப்யூஸைப் பொத்திய கையைப் பின்னால் மறைத்தார். "சிவப்புக் கோடு... எப்படிம்மா இருந்துச்சு?"

"பளிச்சுனு இருந்துச்சுப்பா."

"விளக்கு நல்லா எரிஞ்சுதா?"

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் அவர் கண்ணைப் பார்த்தாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"எரிஞ்சுதுப்பா. ஏன்?"

அவர் சேர்த்து வைத்திருந்த மன்னிப்பு, அந்த முப்பத்தொன்பது நிமிஷம், எல்லாம் சொல்லத் தயாராகத்தான் இருந்தன. யாரிடம் சொல்வது? அதைக் கேட்க வேண்டியவள் இரண்டு மாதத்துக்கு முன்னால் சாப்பாட்டு மேஜையில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். எதிரில் நிற்பது பாஸ் ஆன ஒரு பெண்.

"மஞ்சள் எதுவும்..." என்று ஆரம்பித்தார்.

"ஹைட்ரஜன்ல மஞ்சள் ஏதுப்பா?" என்று அவள் சிரித்தாள்.

லேப்காரர் ஃப்யூஸைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "ஆமாம்மா" என்றார். "ஏது." இரண்டு பேரும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள்.